அடைக்கலமாய் வந்த பாட்டு

தமிழனுக்குப் புகழ்ச்சி புதிதல்ல. பாடாண் என்று ஒரு திணையையே அதற்கு ஒதுக்கி வைத்த மொழி இது. புலவன் பாடுவான், வேந்தன் கொடுப்பான். கொடுக்காத வேந்தனைச் சாடிப் பாடிவிட்டு நடையைக் கட்டிய புலவர்களும் உண்டு. அதுவும் நம் மரபுதான். ஆகவே ஞாயிறுதோறும் ஆலயத்தில் நின்று துதிப் பாட்டுப் பாடுகிறவனைப் பார்த்து, 'உங்கள் கடவுளுக்கு இவ்வளவு புகழ்ச்சி எதற்கு?' என்று வேற்று மதத்து நண்பர் ஒருவர் கேட்டால், கோபப்பட ஒன்றுமில்லை. அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. எதை வாங்குவதற்காக நீ பாடுகிறாய்?

சபையில் இதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருப்போம். கடவுளுக்கு நம் துதி தேவையில்லை, துதிப்பது நமக்குத்தான் நல்லது என்போம். எனக்கு இந்தப் பதில் ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. காலையில் நடந்தால் சர்க்கரை குறையும் என்பது போல இருக்கிறது. சி. எஸ். லூயிஸ் இதைவிட ஆழமாகத் தோண்டினார். சங்கீதங்களைப் பற்றி 1958இல் அவர் எழுதிய சிறு நூலில், விசுவாசத்துக்குத் திரும்பிய புதிதில் 'துதியுங்கள், துதியுங்கள்' என்ற கட்டளைகள் தமக்கு எரிச்சலூட்டியதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். பிறகு அவர் கண்டுகொண்டது இது: மனிதன் எதை ரசித்தாலும் தன்னை அறியாமலே அதைப் புகழ ஆரம்பித்துவிடுகிறான். பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லும்வரை அந்த ரசனை நிறைவதில்லை. துதி, அனுபவித்த மகிழ்ச்சியின் கடைசிப் பகுதி.

அழகான விளக்கம். திருமண வீட்டுக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் அது போதும். ஆனால் நான் அறிந்த கிறிஸ்தவர்கள் விடிய விடியப் பாடுவது துக்க வீட்டில்.

திருநெல்வேலிச் சீமையில் அப்படி ஒரு வீடு. தெருவை அடைத்துப் பந்தல், வாடகை நாற்காலிகள், கூடத்தின் நடுவே ஐஸ் பெட்டி. அதன் மோட்டார் கொஞ்ச நேரம் உறுமும், கொஞ்ச நேரம் அடங்கும். மகன் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அடக்கம் மறுநாள்தான். ராத்திரி பதினோரு மணிக்குமேல் கூட்டம் கலைந்து, நெருங்கிய சொந்தமும் தெருக்காரர்களும் மட்டும் மிஞ்சியபோது யாரோ குரல் கொடுத்தார்கள்: "ஏட்டி, அந்தக் கீர்த்தனப் புஸ்தகத்த எடுத்துட்டு வா. பெரியம்ம, நீங்க ஆரம்பிங்க."

பெரியம்மைக்குப் புஸ்தகம் வேண்டியிருக்கவில்லை. எழுத்து கண்ணுக்குத் தெரிகிற வயதும் இல்லை. ஆர்மோனியம் இல்லை, சுருதிப் பெட்டி இல்லை. அவர் எடுத்த சுருதி ஒரு கட்டை மேலேயே நின்றது. அனுபல்லவி வந்ததும் ஆண்களுக்குத் தொண்டை எட்டாமல் பாதிப் பேர் கீழே இறங்கிக்கொண்டார்கள். தாளம் இழுத்தது. நாலாம் சரணத்தை விட்டு ஐந்தாவதுக்குத் தாவப் பார்த்தவரைப் பெரியம்மை கையைத் தூக்கி நிறுத்தி, நாலாவதையே பாட வைத்தார். ஒரு சரணத்தை விடுவது அவர் கணக்கில் ஏதோ பந்தியில் ஒரு ஆளுக்கு இலை போடாமல் விடுவது போல. இறந்தவரின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் பாடவில்லை. அவரைப் பாடச் சொல்லி ஒருவரும் வற்புறுத்தவும் இல்லை.

பாடியவற்றில் பாதிக்குமேல் துதிப் பாட்டுகள். இங்கே லூயிஸின் விளக்கம் உதவவில்லை, ரசிப்பதற்கு அந்த வீட்டில் என்ன இருந்தது? பாடாண் கணக்கும் பொருந்தவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இதே ஆட்கள்தான் முழங்காலில் நின்று இறந்தவரின் உயிரைக் கேட்டார்கள். கேட்டது கிடைக்கவில்லை. பரிசில் தராதவன் வாசலில் புலவன் இப்படிப் பாட மாட்டான்.

மத்தேயுவும் மாற்கும் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிற ஒரு செய்தி உண்டு. கடைசி இராப்போஜனம் முடிந்ததும் இயேசுவும் சீடர்களும் பாட்டுப் பாடிவிட்டு ஒலிவ மலைக்குப் புறப்பட்டார்கள். இயேசு பாடினார் என்று சுவிசேஷங்களில் வருவது அந்த ஓர் இடத்தில்தான். கானாவூர்க் கல்யாணத்தில் பாடியதாக எழுதவில்லை, லாசரு எழுந்து வந்தபோது பாடியதாக எழுதவில்லை. காட்டிக்கொடுக்கப்போகிறவன் இருட்டில் வெளியேறிய பிறகு, கெத்செமனேக்குப் புறப்படுமுன் பாடியதை எழுதி வைத்தார்கள்.

என்ன பாடினார்கள் என்பதையும் ஓரளவு சொல்லலாம். பஸ்கா விருந்தில் சங்கீதம் 113 முதல் 118 வரை பாடுவது யூதர் வழக்கம். சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம், பின் மீதி. அந்த இரவில் ஒலித்ததும் அவைதான் என்று வேத அறிஞர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். பக்தர்களின் சாவு கடவுள் பார்வையில் மலிவானதல்ல என்கிற பாட்டு அதில் இருக்கிறது. கொத்தனார்கள் வேண்டாமென்று ஒதுக்கிய கல்லைப் பற்றிய பாட்டும் இருக்கிறது. சில மணி நேரத்தில் பிடிபடப்போகிறவர் தம் சாவைப் பற்றிப் புதிதாக ஒரு பாட்டுக் கட்டவில்லை. ஊரில் எல்லாக் குழந்தைகளும் கேட்டு வளர்ந்த பழைய பாட்டை, பேதுருவோடும் மற்றவர்களோடும் சேர்ந்து பாடினார். மறுநாள் சிலுவையில் கைவிடப்பட்டதைச் சொல்லிக் கதறியபோதும் வாயில் வந்தது 22ஆம் சங்கீதத்தின் முதல் அடி. அவர் துதித்ததும் முன்னோர் சொல்லில்தான், அழுததும் முன்னோர் சொல்லில்தான்.

நம்மில் பலர் சொந்தச் சொல்லில் வராத ஜெபத்தை ஒரு படி கீழாகத்தான் நினைக்கிறோம். 'மனசிலிருந்து வர வேண்டும்' என்போம். மனசிலிருந்து எதுவும் வராத ராத்திரிகளை யோசித்துப் பார்த்தால் அந்த அளவுகோல் எவ்வளவு கொடுமையானது என்று தெரியும். சங்கீதப் புத்தகத்தைத் தொகுத்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. அதன் 150 பாட்டுகளில் எந்த ஒரு வகையைவிடவும் முறையீடும் புலம்பலுமே அதிகம். 88ஆம் சங்கீதம் இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது; மற்றப் புலம்பல்களில் வருகிற திருப்பம்கூட அதில் இல்லை. அதைக் கிழித்துப் போடாமல் உள்ளே வைத்துக்கொண்டார்கள். கடைசி ஐந்து சங்கீதங்களை முழுக்கத் துதியாக அடுக்கினார்கள். 88இல் நிற்கிறவனும் 150இல் நிற்கிறவனும் ஒரே நாளில் ஒரே கூடத்தில் இருப்பார்கள். ஒருவன் வாய் திறக்க முடியாதபோது அவனுக்கு உரிய துதியை மற்றவன் வைத்திருப்பான்.

வைத்திருப்பது என்றுதான் சொல்ல வேண்டும். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும்போது, அடைக்கலத்தைக் காப்பது எப்பேர்ப்பட்ட பொறுப்பு என்று சொல்லித்தான் ஒப்படைக்கிறார். துதியும் அந்த மாதிரி அடைக்கலமாக நம்மிடம் வந்தது. நாம் உண்டாக்கியதல்ல, நமக்கு முன்னால் பாடியவர்கள் வைத்துவிட்டுப் போனது. நமக்கென்று மட்டும் கொடுக்கப்பட்டதும் அல்ல. பெரியம்மை அந்த இரவில் தன் நம்பிக்கையைப் பாடினார் என்பது பாதிதான் சரி. சுவரோரம் இருந்த பெண்ணின் பங்கை, அவர் திரும்பக் கேட்கும் நாள்வரை, ஒரு சரணம் குறையாமல் வைத்திருந்தார்.

எந்த இசை என்ற சண்டையை இந்த இடத்தில் வேகமாகத் தாண்டிவிடலாம். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய பிறகு ஜெர்மன் மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொல் பூட்டிப் பாடினார்கள். அந்த வழியில் வந்தது பாமாலை. நம் ராக தாளத்தில் வந்தது கீர்த்தனை. பாமாலைக்காரர் கீர்த்தனையைக் கச்சேரி என்றார், கீர்த்தனைக்காரர் கீபோர்டைக் கூத்து என்கிறார். பெர்க்மான்ஸ் அடிகளாரின் எளிய பாட்டுகளைக் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று எல்லோரும் பாடுகிறார்கள்; அதையும் குறை சொல்ல ஆள் உண்டு. மிலான் நகரில் சபையார் பாடியதைக் கேட்டு அழுத அகுஸ்தீன், பின்னால் ஒரு சந்தேகத்தை எழுதி வைத்தார்: பாடப்படுகிற பொருளைவிடப் பாடுகிற குரல் என்னை அதிகம் அசைத்துவிட்டால் அது பாவமல்லவா என்று. பைப் ஆர்கனுக்கும் டிரம்ஸுக்கும் இந்தக் கேள்வி சமமாகவே பொருந்தும்.

இதைவிடக் கடினமான கேள்வி தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரிடம் இருக்கிறது. 1774இல் நெல்லைச் சீமையில் பிறந்த அவரைச் சிறு பையனாக மிஷனரி சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்க வைத்தார். பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் நிழலில் வளர்ந்தவர்தான். 1800இல் எழுதிய 'பெத்லகேம் குறவஞ்சி'யில், குறத்தியும் சிங்கனும் நடமாடுகிற சிற்றிலக்கியத்துக்குள் மாட்டுத்தொழுவத்தில் பிறந்தவரைக் கொண்டுவந்தார் சாஸ்திரியார். கோபர்னிகஸின் சூரிய மண்டலத்துக்கும் அதில் இடம் கொடுத்தார். மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது அவருக்குப் பெரிய சுரங்கமாக இருந்தவர் சாஸ்திரியார். 1864இல் அவர் இறந்தார். இன்றைக்கும் அவர் பாட்டு இல்லாமல் ஒரு கீர்த்தனைப் புத்தகம் கிடையாது.

அதே சாஸ்திரியார், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று புதிதாக வந்த மிஷனரிகள் சொன்னபோது அவர்களை எதிர்த்தார். 1829இல் எழுதிய முறையீட்டில், மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று அவர் போட்ட பட்டியலில் இரண்டு விஷயங்கள் அருகருகே நிற்கின்றன: தமிழ்ப் பாட்டையும் இசையையும் விலக்கினார்கள் என்பது ஒன்று, சாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொன்னார்கள் என்பது இன்னொன்று. முதலாவதில் நியாயம் முழுக்க அவர் பக்கம். இரண்டாவதில் கொஞ்சமும் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதியை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியதும் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபையைவிட்டே வெளியேறியவர்கள் பலர்.

ஆக, எல்லா மனிதருக்காகவும் பிறந்தவரைத் துதித்த வாய், யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்றும் வாதாடியது. இதைச் சொன்னால் வருத்தப்படுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள்; அவர் காலம் அப்படி என்பார்கள். காலம் அப்படித்தான். ஆனால் அவர் பாட்டு அப்படி இருக்கவில்லை. அவர் ஒதுக்கி வைக்க விரும்பிய மக்களின் பேரன் பேத்திகள் இன்று தங்கள் சேரிக் கோயில்களில், தங்கள் திருமணங்களில், தங்கள் சாவு வீடுகளில் அவர் பாட்டை முழுத் தொண்டையில் பாடுகிறார்கள். அவர்களுக்கு உரியது அவரிடம் அடைக்கலமாக இருந்தது. யாருக்காக வைத்திருக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. பாட்டு அவரைவிடப் பெரிதாக இருந்ததால்தான் அவரைத் தாண்டி உரியவர்களிடம் வந்து சேர்ந்தது.

பாட்டு பெரிதென்றால் பாடுகிறவன் எப்படி இருந்தாலும் பரவாயில்லையா? ஆமோஸ் அப்படி விடமாட்டார். தெக்கோவாவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், கி.மு. எட்டாம் நூற்றாண்டில் வடக்கே பெத்தேலுக்குப் போய் நின்றார். அங்கே பண்டிகையும் பலியும் இசையும் குறைவில்லாமல் நடந்தன. சந்தையில் தராசு கள்ளம், ஒரு ஜோடி செருப்பு விலைக்கு ஏழையை விற்கிற வியாபாரம். இவர்களுடைய பாட்டு தமக்கு இரைச்சல், அதை எடுத்துக்கொண்டு போங்கள் என்று கடவுள் சொல்வதாக ஆமோஸ் அறிவித்தார். வீணையைக் கேட்கக்கூடக் கடவுள் மறுத்துவிட்டார்; கேட்டது நீதியை. இதில் கவனிக்க வேண்டியது, பாட்டின் சொல்லில் பிழை என்றோ மெட்டில் குற்றம் என்றோ ஆமோஸ் சொல்லவில்லை. அது சரியான பாட்டுதான். கூலிக்காரனின் கூலியை அமுக்கிக்கொண்டவன் கையில் அது இருந்தது. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் ஒரே கீர்த்தனையைப் பாடுகிற ஊர்கள் நம்மிடம் உண்டு. ஆமோஸ் அங்கே வந்தால் கதவைத் தட்ட வேண்டியிருக்காது; சத்தமே அவரைக் கொண்டுவந்து விட்டுவிடும்.

பிலிப்பி சிறையைப் பற்றிய பிரசங்கத்தை எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவு திறந்தது. ஆகையால் நீங்களும் துதியுங்கள், உங்கள் விசா கதவும் திறக்கும், வேலைக் கதவும் திறக்கும். மேடையில் கைதட்டல் விழும். அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தை ஆற அமரப் படித்தால் வேறொன்று தெரியும். கதவு திறந்தது, அவர்கள் வெளியே போகவில்லை. பரிசில் வாசலுக்கு வந்தும் புலவன் எழுந்திருக்கவில்லை. கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று நினைத்துக் கத்தியை உருவிய சிறைக்காரனைப் பவுலின் சத்தம் தடுத்தது. எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள்.

லூக்கா எழுதிய இன்னொரு சிறு வாக்கியத்தைப் பிரசங்கிகள் சீக்கிரம் தாண்டிவிடுகிறார்கள்: மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதுகு கிழிய அடி வாங்கி, கால் தொழுமரத்தில் மாட்டியிருந்த இரண்டு பேர் பாடியபோது, அந்தப் பாட்டு யார் யார் காதுக்குப் போக வேண்டுமோ அவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அந்த இரவிலேயே சிறைக்காரன் அவர்கள் காயங்களைக் கழுவினான். சாயங்காலம் அதே காயங்களோடு அவர்களை உட்சிறையில் தள்ளிக் காலைப் பூட்டியவன் அவன். தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பாடும் வைத்தான். துதி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போனதற்கு அடையாளம் வேண்டுமென்றால், அதிர்ந்த அஸ்திவாரத்தைவிட அந்தத் தண்ணீரைத்தான் நான் காட்டுவேன்.

கிறிஸ்தவர்கள் பாடுவதைப் பற்றி வெளியார் ஒருவர் எழுதியவற்றில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய குறிப்பு ரோம ஆளுநர் ப்ளினியுடையது. கருங்கடலோரப் பித்தினியாவிலிருந்து, ஏறத்தாழ கி.பி. 112இல், பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் அது. இந்தக் கூட்டத்தார் என்னதான் செய்கிறார்கள் என்று அவர் விசாரித்தார். அவருக்குப் பதில் சொன்னவர்கள் விசுவாசத்தை விட்டு விலகியவர்கள். சிலர் விலகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பேரரசரின் சிலையை வணங்கி, கிறிஸ்துவைத் தூஷித்தும் காட்டியவர்கள். எதையும் அழகுபடுத்திச் சொல்ல அவர்களுக்குக் காரணம் இல்லை. குறித்த நாளில் விடியுமுன் கூடுவோம், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்து மாறி மாறிப் பாடுவோம் என்றார்கள். அதே மூச்சில், அங்கே செய்துகொண்ட சத்தியத்தையும் சொன்னார்கள்: திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, வாக்குத் தவறுவதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளைக் கேட்கும்போது இல்லை என்று சொல்வதில்லை. ப்ளினி இதை நம்பவில்லை. உதவிக்காரிகள் என்று சபையார் அழைத்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து உண்மையைக் கறக்கப் பார்த்தார். அளவுகடந்த மூடநம்பிக்கை என்று அவர் எழுதியதற்கு மேல் அவர்களிடமிருந்து அவருக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை.